எழுத்து உடையும் கோப்புகள்: பழைய மென்பொருளும் நம் ஆவணங்களும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றி ஆவண எழுத்தர்களின் அறைகளும் டிடிபி சென்டர்களும் ஜெராக்ஸ் கடைகளும் உண்டு. அங்கே ஒரு கிரயப் பத்திரம் முதல் வரியிலிருந்து புதிதாக அடிக்கப்படுவது குறைவு. அதே மனைப்பிரிவுக்கு முன்பு எழுதிய பத்திரத்தின் சாஃப்ட் காப்பியைத் திறந்து, எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் பெயர்களையும் தொகையையும் மனை எண்ணையும் நான்கெல்லையையும் மாற்றுவதுதான் வழக்கம். பழைய கோப்பைத் திரும்பத் திரும்பத் திறக்க இந்தப் பகுதியில் கூடுதல் காரணமும் இருக்கிறது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஏழாவது மண்டலமானது. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. மறு ஆண்டே ஆவடி மாநகராட்சியானது. ஒரே மனைக்கு எந்தக் காலத்துப் பத்திரத்தில் என்ன வட்டம், என்ன மாவட்டம் எழுதப்பட்டது என்று பார்க்காமல் சொத்து விவரத்தை எழுத முடியாது. அப்படித் தேடும்போதுதான் 'ஃபைல் ஓபன் ஆகலை', 'கட்டம் கட்டமா வருது', 'எழுத்து உடைஞ்சு கிடக்கு' என்ற புகார்கள் எழுகின்றன. சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது, புதிய ஆபீஸ் போட்டால் சரியாகிவிடும் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதில் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மென்பொருளின் வயது காரணத்தில் ஒரு பகுதிதான். கோப்புக்குள் இருந்திருக்க வேண்டிய பொருள், கோப்புக்கு வெளியே ஒரு கணினியில் நிறுவிய ஃபாண்டிலும் ஒரு நிறுவனம் கொடுத்த உரிமத்திலும் தங்கிவிட்டது. ஆகவே, கோப்புகளை மாற்றி முடிக்கும்வரை பழைய மென்பொருளைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். மாற்றாமல் அதைத் தூக்கிப் போட்டால் கோப்புகளும் அதோடு போய்விடும்.

பத்திரங்களோடு இது நிற்பதில்லை. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் உதிரிபாகத் தொழிற்கூடங்களிலும் ஆட்டோகேட் வரைபடங்களும் டேலி கணக்குகளும் எக்செல் பட்டியல்களும் குவிந்திருக்கின்றன. ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற இடங்களிலிருந்து வெளிவரும் வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடுபவை. அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தின் பாகத்துக்கு வரைபடம் அத்தனை காலமும் திறக்க வேண்டும். சட்டமும் காலத்தை வரையறுக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128ஆவது பிரிவு கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கேட்கிறது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மின்னணு வடிவில் வைத்திருக்கும் ஆவணம் பின்னாளில் எடுத்துப் பயன்படுத்தும்படி அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை போடுகிறது. ஹார்ட் டிஸ்கில் கோப்பு இருக்கிறது என்று காட்டினால் போதாது, அது திறந்து படிக்கும்படி இருக்க வேண்டும். கடைக்காரர் சில்லறைத் தொல்லையாக நினைக்கும் ஒரு விஷயத்துக்குச் சட்டக் கடமையின் எடை இருக்கிறது.

திறக்காத கோப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல வேறு நோய்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் செய்யும் வைத்தியமே பாதிக் கோப்புகளைக் கெடுக்கிறது. திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக வந்தால், அது பெரும்பாலும் பழைய எட்டு பிட் தமிழ் ஃபாண்டில் அடித்த கோப்பு. அந்த ஃபாண்ட் இந்தக் கணினியில் இல்லை என்பதே குறை, உள்ளே ஒன்றும் கெடவில்லை. வேர்டில் அந்த வரியின் மேல் கர்சரை வைத்தால், ஃபாண்ட் பெட்டியில் அடித்தபோது பயன்படுத்திய ஃபாண்டின் பெயர் அப்படியே தெரியும், ஃபாண்ட் நிறுவப்படாமல் இருந்தாலும். நோயின் பெயரை அந்தப் பெட்டியே சொல்லிவிடுகிறது, அதைப் பார்ப்பவர்கள்தான் குறைவு. கட்டம் கட்டமாக வந்தால், கோப்பில் இருப்பது யூனிகோடு போன்ற பதினாறு பிட் எழுத்து, ஃபாண்டில் அதற்கு உருவம் இல்லை. கொம்பும் காலும் தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நின்றால், எழுத்துகளை இணைத்துக் காட்டும் வசதி அந்தக் கணினியில் இல்லை, அல்லது யாரோ தவறாக மாற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த வசதியைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. தலையில் கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரும் கோப்பு நல்ல யூனிகோடு கோப்பே, எக்செல் அதை வேறு குறியாக்கமாக நினைத்துப் படிக்கிறது. அரசுத் தளங்களிலிருந்து இறக்கிய சிஎஸ்வி பட்டியல்களை நேராக இரட்டைக் கிளிக் செய்யும்போது இது நடக்கும். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, 65001 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தால் தமிழ் வந்துவிடும். இவை எல்லாம் மீளக்கூடியவை. வேர்டிலோ நோட்பேடிலோ எல்லா எழுத்தும் வெறும் கேள்விக்குறியாக இருந்தால் மட்டும் மீட்சி இல்லை. யாரோ அந்தக் கோப்பைப் பழைய குறியாக்கத்தில் சேவ் செய்து, உள்ளே இருந்த எழுத்தை அழித்துவிட்டார்கள். இனி எந்த ஃபாண்டைப் போட்டாலும் அது திரும்பாது. அதனால்தான், உடைந்து தெரியும் கோப்பில் சேவ் பொத்தானைத் தொடவே கூடாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும். ஆட்டோகேடில் வரும் கேள்விக்குறிகள் வேறு வகை. அங்கே வரைபடத்தின் எழுத்துரு காணாமல் போயிருக்கிறது, வரைபடம் நலமாகவே இருக்கிறது.

கோப்பு வடிவத்தின் கதை ஒப்பீட்டில் எளியது. வேர்ட் 2003 வரை இருந்த டாக் கோப்பு ஒரு மூடிய இருமக் கட்டு. 2007இல் வந்த டாக்எக்ஸ், ஜிப் முறையில் சுருட்டிய எக்ஸ்எம்எல் தொகுப்பு. கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்துகள் 'பி, கே' என்று இருக்கும். ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை. பெயரின் கடைசியில் டாக் என்று யாராவது மாற்றிவைத்திருந்தாலும், இந்த இரண்டு எழுத்துகள் உண்மையைச் சொல்லிவிடும். வேர்ட் திறக்க மறுக்கும் டாக்எக்ஸ் கோப்பின் பிரதி ஒன்றுக்கு ஜிப் என்று பெயர் மாற்றி விரித்தால், உள்ளே வேர்ட் என்ற ஃபோல்டரில் டாக்குமெண்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். பக்க அமைப்பு போனாலும் வாசகத்தை அதிலிருந்து எடுத்துவிடலாம். பழைய ஆபீஸில் புதிய கோப்பைத் திறக்க மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த கம்பேட்டிபிலிட்டி பேக் 2018இல் நிறுத்தப்பட்டது. அது இருந்த காலத்திலும் ஒரு பொறி இருந்தது. எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை, புதிய வடிவத்தில் 10,48,576 வரிகள் வரை போகலாம். பெரிய ஸ்டாக் பட்டியலைப் பழைய எக்செலில் திறந்து சேவ் செய்தால், மிஞ்சிய வரிகள் போய்விடும். மெயிலில் வந்த கோப்பு திறந்தும் எடிட் செய்ய விடாமல் நிற்பது நோயே இல்லை. வெளியிலிருந்து வந்ததற்கான பாதுகாப்பு அது. அனுப்பியவர் யாரென்று தெரிந்தால் ப்ராப்பர்டீஸில் அன்பிளாக் செய்துகொள்ளலாம். ஆட்டோகேடில் 2000, 2004, 2007, 2010, 2013, 2018 என்று கோப்பு வடிவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெரிய நிறுவனம் 2018 வடிவத்தில் அனுப்பும் வரைபடம் பட்டறையின் 2007 பதிப்பில் திறக்காது. ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிரூவியூ அதைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை, மனம் தளரவும் காரணம் இல்லை.

தமிழ்க் கோப்புகளின் உண்மையான சிக்கல் குறியாக்கத்தில் இருக்கிறது. யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் கடைகளிலும் அலுவலகங்களிலும் இருந்த விண்டோஸும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் அதைப் பயன்படுத்தும் நிலையில் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்திய ஃபாண்டுகள் பெருகின. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொண்டது. பாமினி என்ற ஃபாண்டில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அரசு அலுவலகங்களில் பரவிய வானவில் அவ்வையாருக்கு வேறு வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு, அதே ஆண்டில் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற இன்னொன்றை வளர்த்திருந்தார்கள். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய சமயத்தில் வந்த அரசாணை யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16 என்ற பதினாறு பிட் முறையையும் அது அனுமதித்தது. தரம் அறிவிப்பதும், ஏற்கெனவே குவிந்த கோப்புகளை அதற்கு மாற்றுவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். முதலாவதை ஓர் ஆணையால் செய்துவிடலாம். இரண்டாவதற்கு ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும்.

டேஸ்16 பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஓர் இடம் என்ற அதன் அமைப்பில் அழகும் நியாயமும் இருக்கின்றன. யூனிகோடில் கொம்பையும் காலையும் மெய்யோடு சேர்த்துக்காட்ட மென்பொருளுக்குத் தனித் திறமை வேண்டும், அந்தத் திறமை இல்லாத பழைய அச்சு மென்பொருளில் டேஸ்16 கைகொடுத்தது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதியின் எண்களுக்கு உலகப் பொதுவான பொருள் கிடையாது. உரிய ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் கட்டங்கள்தான். பாமினிக்கு இருந்த அதே நோய் வேறு வடிவில் தொடர்கிறது. அச்சுக்கு அனுப்பும் வழியில் அதைப் பயன்படுத்தலாம், பத்திரப்படுத்தி வைக்கும் பிரதி யூனிகோடில்தான் இருக்க வேண்டும். மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. 1998 பொங்கலில் தொடங்கிய அந்தத் தன்னார்வத் தொகுப்பு முதலில் மயிலை ஃபாண்டிலும் பிறகு டிஸ்கியிலும் நூல்களை வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாறியது. பழந்தமிழ் நூல்கள் இடம் மாறிப் பிழைத்தன. குறியாக்க வரிசை யாருடைய பூட்டுக்குள்ளும் இல்லாமல் எல்லோர் கையிலும் இருந்ததும், மாற்றும் வேலையைத் தன் கடமையாக எடுத்துக்கொண்ட ஆட்கள் இருந்ததும் அதற்குக் காரணங்கள்.

பேஜ்மேக்கர் கதை இதைவிடக் கடினம். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த மென்பொருள் அது, பின்னர் அடோபியின் கைக்கு வந்தது. 2001இல் வெளியான 7.0தான் கடைசிப் பதிப்பு. தமிழகத்து டிடிபி தொழில் அதன் மேல்தான் எழுந்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, பில் புக், கோயில் நோட்டீஸ், கட்சிப் போஸ்டர் எல்லாம் அதில்தான் உருவாயின. பத்திரத் தாளில் ஓரம் விட்டு அச்சிட வசதி என்பதால் ஆவண எழுத்தர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆகவே பேஜ்மேக்கரை விடாதவரை பழைய ஃபாண்டையும் விட முடியாது என்ற கட்டு உருவாயிற்று. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பேஜ்மேக்கர் கோப்பை நேராகத் திறந்த கடைசிப் பதிப்பு 2012இல் வந்த சிஎஸ்6. அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறப்பதில்லை. 2023 ஜனவரியில் அடோபி டைப் 1 ஃபாண்டுகளுக்கான ஆதரவையும் நிறுத்திவிட்டது. பழைய பதினாறு பிட் நிறுவிகள் 64 பிட் விண்டோஸில் ஓடா. விண்டோஸ் 11 வெளியானதே 64 பிட் வடிவில் மட்டும். இந்திய மொழி மென்பொருள் சிலவற்றோடு வந்த டாங்கிள் பூட்டு பிரிண்டர் போர்ட்டில் செருகுவது. அந்தப் போர்ட் இன்றைய கணினிகளில் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைச் செய்தவர் தரப்பில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். எல்லாம் ஒன்றுசேர்ந்து விழுவது பூந்தமல்லியில் இரண்டு கணினி வைத்துத் தொழில் நடத்துபவரின் தலையில்.

புதியது வாங்கினால் தீரும் என்ற வாதத்துக்கு இங்கே பதில் கிடைக்கிறது. புதிய ஆபீஸ் வாங்குவதால், பிறர் அனுப்பும் புதிய கோப்புகள் திறக்கும். நம்மிடம் இருக்கும் பழைய கோப்புகளுக்கு அது உறுதி தராது. 2007இல் ஆபீஸ் 2003க்கு வந்த மூன்றாவது சர்வீஸ் பேக், மிகப் பழைய கோப்பு வகைகளைப் பாதுகாப்பைக் காட்டித் தடுத்தது. பயனாளர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே, தடையை நீக்கும் எளிய வழியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. இன்றைய பதிப்புகளிலும் டிரஸ்ட் சென்டருக்குள் ஃபைல் பிளாக் என்ற பகுதி இருக்கிறது. வேர்ட் 95 காலத்துக் கோப்பு திறக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. இதில் நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது சரியாகாது. பழைய கோப்புகளைப் படிக்கும் நிரலில் ஓட்டைகள் இருந்தன, அவற்றின் வழியே வைரஸ் வந்தது. ஆனால் பாமினியையும் வானவில்லையும் புதிய ஆபீஸுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாதச் சந்தா கட்டினாலும் ஜேயும் கேயும் தமிழாக மாறப்போவதில்லை. விலையில்லாத லிப்ரே ஆபீஸ் பழைய டாக் வகைகளையும், அதன் டிரா செயலி பேஜ்மேக்கர் கோப்புகளையும் பல சமயம் திறந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கைவிட்டதைத் திறக்க இதையே முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பேன். அதுவும் வடிவம் என்ற பூட்டைத்தான் திறக்கும், குறியாக்கம் அதற்குள் இன்னொரு பூட்டாக இருக்கும். இப்படி எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரங்கள் பற்றி இந்தியாவுக்கு நல்ல நிலைப்பாடு இருந்தது. மைக்ரோசாஃப்டின் புதிய வடிவத்தை உலகத் தரமாக்க 2007, 2008இல் நடந்த வாக்கெடுப்புகளில் இந்தியா எதிர்த்தது. 2010 நவம்பரில் மின்னாளுமைக்கான திறந்த தரக் கொள்கையை மத்திய அரசு வெளியிட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்சையும் ஓபன் ஆபீஸையும் கையில் எடுத்தது. மத்திய அரசின் சி-டாக் ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையம் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. அந்த முயற்சிகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் கடைவரை போய்ச் சேரவில்லை.

பழைய எக்ஸ்பி கணினியை அப்படியே வைத்திருந்தால் போதாதா என்பது இரண்டாவது வாதம். தொழில் தெரிந்தவர்கள் சொல்வது இது, எளிதில் தள்ளிவிட முடியாது. வேலை செய்யும் ஒன்றை ஏன் தொட வேண்டும்? எக்ஸ்பிக்கும் ஆபீஸ் 2003க்கும் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் பரவியபோது, ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்குக்கூட அவசரத் திருத்தம் வெளியிட வேண்டிய நிலை மைக்ரோசாஃப்டுக்கு வந்தது. கிரயப் பத்திரங்களும் ஆதார் பிரதிகளும் பான் எண்களும் நிறைந்த கணினியை அந்த நிலையில் இணையத்தோடு இணைத்து வைப்பது வாடிக்கையாளர்களுக்குச் செய்யும் தீங்கு. அதைவிட உறுதியான ஆபத்து ஹார்ட் டிஸ்க். அது ஒரு நாள் போகும், அதோடு நிறுவல் சிடி தொலைந்த ஃபாண்டுகளும் போகும். ஆகவே பழைய கணினியை வைத்திருங்கள், நெட் கேபிளைக் கழற்றிவிட்டு. அதன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை இன்றே நகலெடுங்கள். முடிந்தால் முழு டிஸ்கையும் பிம்பமாக எடுத்து, விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் புதிய கணினியிலேயே ஓடும்படி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கும் ஆபீஸ் 2016, 2019க்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்திருக்கிறது. கடைகளில் கணினி மாற்றும் அலை இது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொடுப்பதுதான் இப்போது நடக்கக்கூடிய பெரிய இழப்பு.

எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிடலாம் என்கிறார்கள் சிலர். கண்ணால் பார்ப்பதற்கு அது நல்ல வழி, ஃபாண்ட் கோப்புக்குள்ளேயே போய்விடுகிறது. ஆனால் பழைய ஃபாண்டிலிருந்து செய்த பிடிஎஃபில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் மீண்டும் ஜே, கே, பி, ஓ. பார்வைக்குத் தமிழ், உள்ளே பழைய குழப்பம். ஒப்பிட்டுப் பார்க்கும் சாட்சியாக அதை வைக்கலாம், மூலமாக வைக்க முடியாது. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆர் முறை தமிழில் இப்போது நன்றாகவே முன்னேறியிருக்கிறது. வேறு வழியே இல்லாதபோது அதை நாடலாம். எண்களில் ஒரு பிழை வந்தாலும் நிலமே மாறிவிடும் பத்திரத்தில் அதை நம்பிவிடக் கூடாது. திரும்ப டைப் அடித்துவிடலாம் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. இரண்டு பக்க வாடகை ஒப்பந்தத்துக்கு மாற்றும் வேலையைவிட டைப்பிங் விரைவு. எண்ணும் எல்லையும் நிறைந்த பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு அது பொருந்தாது.

மாற்றும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி எனப் பல குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மாற்றியும் உண்டு. யாருடையது என்று தெரியாத ஆன்லைன் கன்வெர்ட்டரில் பிறர் சொத்துப் பத்திரத்தை ஏற்றுவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வேலை கணினிக்குள்ளேயே முடிய வேண்டும். கருவி இருந்தாலும் கண்ணை மூடி மாற்ற முடியாது, ஏனென்றால் பத்திரத்தில் தமிழ் ஃபாண்டும் ஆங்கில ஃபாண்டும் கலந்தே வரும். பாமினியில் சாய்கோட்டின் இடத்தில் ஆய்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ஃபாண்டில் அடித்த '123/4' என்ற சர்வே எண்ணையும் சேர்த்து முழுக் கோப்பையும் கன்வெர்ட்டரில் போட்டால், '123ஃ4' என்று வெளிவரும். தேதிகளும் இப்படியே கெடும். அரைப்புள்ளி எல்லாம் மெய்ப்புள்ளியாகும், இடையில் வரும் ஆங்கிலப் பெயர்கள் பொருளற்ற தமிழாகும். இதற்கு வேர்டிலேயே வழி இருக்கிறது. ஃபைண்ட் பெட்டியில் சொல் எதுவும் கொடுக்காமல், ஃபார்மட் பகுதியில் ஃபாண்டின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால், அந்த ஃபாண்டில் அடித்த பகுதிகள் மட்டும் தேர்வாகும். அவற்றை மட்டும் மாற்றினால் எண்களும் ஆங்கிலமும் தப்பும். கொம்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். பழைய ஃபாண்டுகளில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகப் பதிவாகும். யூனிகோடில் ககரம் முதலில் வரும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதன் பின்னே வரும். வரியின் முடிவில் கொம்பும் அடுத்த வரியின் தொடக்கத்தில் மெய்யும் பிரிந்து கிடந்தால் கருவி தடுமாறும். மாற்றிய பிறகு புள்ளி வட்டம் எங்காவது தெரிகிறதா என்று தேடினால் அந்த இடங்கள் அகப்படும்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே, கூலி யார் தருவார் என்பதுதான் கடைசியில் மிஞ்சும் எதிர்வாதம், எல்லாவற்றிலும் வலிமையானதும் அதுதான். தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய விரல்கள் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகையை விடாது, யூனிகோடுக்கு மாறினால் வேகம் போய்விடும் என்ற அச்சமும் அதோடு சேர்ந்திருக்கிறது. அந்த அச்சத்துக்கு இன்று அடிப்படை இல்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகளில் அதே பழைய விசைப்பலகையில் அடித்து யூனிகோடில் எழுத்தைப் பெறலாம். விரலுக்குப் பழகியதும் கோப்பில் பதிவாவதும் தனித்தனி. கூலியைப் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில், இது பொதுச் செலவாக வேண்டும் என்பது. குறியாக்க வரிசைகள் பல நிறுவனங்களின் வணிக ரகசியமாக இருந்த காலத்தின் சுமையை, அந்த முடிவுகளில் எந்தப் பங்கும் இல்லாத சிறு கடைகள் சுமக்கின்றன. 1999இலும் 2010இலும் தரம் அறிவித்த அரசு, வட்டத் தலைநகர்களில் மாற்று முகாம் நடத்தலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் கருவியும் அறிவும் இருக்கின்றன. வழக்கொழிந்த ஃபாண்டுகளின் வரிசை அட்டவணைகளை ஒன்றுவிடாமல் வெளியிட்டு வைத்தால், எந்தக் கல்லூரி மாணவரும் ஒரு மாற்றி எழுதிவிடுவார். பத்திரம் எழுதுபவர்களுக்கு உரிமம் தரும் துறை, சாஃப்ட் காப்பி யூனிகோடில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் புதிய சுமை ஏறுவது நிற்கும்.

அதுவரை கடைக்காரர் தானே தொடங்க வேண்டியிருக்கிறது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதும் இல்லை. கடந்த சில ஆண்டுகளில் திரும்பத் திறந்த கோப்புகள், ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு மாதிரிப் பத்திரம், கணக்குச் சட்டம் கேட்கும் ஆண்டுகள், இன்னும் உற்பத்தியில் இருக்கும் பாகங்களின் வரைபடங்கள் ஆகியவை போதும். மூலக் கோப்பை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே மாற்றிய பிரதியை வைக்க வேண்டும். மாற்றிய தேதியும் எந்த ஃபாண்டிலிருந்து மாற்றப்பட்டது என்பதும் பெயரிலேயே இருக்கட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அதே 7ஆவது பிரிவு, மூல வடிவத்திலோ, மூலத்தைத் துல்லியமாகக் காட்டுவதாக நிரூபிக்கக்கூடிய வேறு வடிவத்திலோ ஆவணத்தை வைக்க இடம் தருகிறது. அந்த நிரூபணம் கருவியிடம் கிடைக்காது. பத்திரத் தொழிலில் நெடுங்காலமாக உள்ள ஒப்புநோக்கும் வழக்கம் இங்கே உதவும். ஒருவர் பழைய பிரிண்டைப் பார்த்து வாசிக்க, மற்றவர் திரையில் சரிபார்க்க வேண்டும். முழுப் பத்திரத்தையும் வாசிக்க நேரமில்லாவிட்டாலும் பெயர்கள், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, தொகை ஆகிய ஐந்தையும் வாசித்தே ஆக வேண்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை.